டேப்பில் இருந்தும் வராத வாழ்த்துரைகள்

1. டிஸ்க் படுத்துக்கொண்டது

டிஸ்க் செத்துப்போனதில் எனக்கு வருத்தம் இல்லை. டிஸ்க் என்றால் ஒருநாள் சாகத்தான் செய்யும். அதற்காகத்தான் தினமும் டேப்பில் பேக்கப் எடுக்கிறோம். டிஸ்க் செத்த பிறகு மனிதர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கள் கம்பெனி விற்ற சர்வர் எங்கே மூச்சை நிறுத்தினாலும் என் இடுப்பிலிருக்கும் பேஜர் துடிக்கும். அன்று காலை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பேஜரில் வந்த நம்பருக்குக் காவலாளியின் அறையிலிருந்து போன் போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தின் முதலாளி வேலாயுதம் எடுத்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சி. பொன்விழா மலர் உள்ள மாட்டிக்கிச்சி. ஒடனே வா."

எதையும் தொடாதீர்கள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் தேடி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் சர்வரின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும் என்று அவருடைய மச்சான் சொன்னாராம். மச்சான் டயர் கடை வைத்திருக்கிறார்.

அந்த அச்சகத்தில் முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை, பின்பக்கம் புத்தக வேலை. பின்பக்கத்தில் டைப்செட்டிங் செய்ய நான்கைந்து மேக் கம்ப்யூட்டர்கள். அவற்றில் செய்கிற வேலையெல்லாம் மூலையில் இருந்த ஒரு யூனிக்ஸ் சர்வரில் போய் உட்காரும். அந்த சர்வரைச் சாமி படத் தட்டுக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு சாம்பிராணி காட்டுவார்கள். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தபோது அது திரும்ப எழுந்திருக்கும் நிலையில் இல்லை.

"டேப் இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வார்த்தைக்கு அப்புறம் யாரும் கவலைப்படவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து கவலையை என் தலையில் வைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்கள்.

போகாமல் நின்றவர் ஒருவர்தான். டைப்செட்டர் லெட்சுமி. கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்துபோகிறவர். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பொன்விழா மலர் முழுவதையும் தனியாளாக அடித்து, பக்கம் கட்டியவர் அவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படித்தார்கள். "எல்லாம் வந்துரும்ல அண்ணே?" என்று கேட்டார். வந்துவிடும் என்றேன்.

2. இடைவெளி என்கிற வியாதி

இளம் இன்ஜினியர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேக்கப் எடுப்பதில் எந்தக் கோளாறும் இல்லை. டேப் இருப்பதை இருப்பதுபோல் எழுதிக்கொள்ளும். திருப்பி எடுப்பதில்தான் வினை. அதற்கு எங்கள் கம்பெனி ஒரு மெனு போட்டுக் கொடுத்திருந்தது. டேப்பில் இருக்கும் பெயர்களைத் திரையில் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் டேப்பிலிருந்து எடுத்துத் தரும். எழுதியவர் எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். சிங்கப்பூரில் நல்ல சம்பளம் கிடைத்து, ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைக்காமல் போய்விட்டார். அவர் காலத்தில் ஃபைல் பெயர் என்றால் எட்டெழுத்து, பத்தெழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது.

மேக் வந்ததும் மக்கள் ஃபைலுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டு வாக்கியம் எழுத ஆரம்பித்தார்கள். "ஸ்கூல் ஹிஸ்டரி நியூ". "ஸ்கூல் ஹிஸ்டரி நியூ லேட்டஸ்ட்". "கோழிக்கடை விளம்பரம் பெத்துல் பூஞா", அதாவது இதுதான் நிஜமானது என்று அர்த்தம், அப்படியென்றால் மற்ற மூன்று கோழிக்கடை விளம்பரங்களும் பொய்யானவை. "பெரிய டத்தோ சின்ன படம்" என்றுகூட ஒன்று இருந்தது. ஃபோல்டர் போட்டுப் பிரித்து வைக்கலாம் அல்லவா? மாட்டார்கள். ஃபோல்டருக்குள் போட்டால் தொலைந்துவிடுமாம். எல்லாம் ஒரே இடத்தில், பாசாரில் மீனைக் கொட்டிவைத்தது மாதிரி கிடக்கும்.

இந்த மெனுவுக்கு இடைவெளி கண்டால் ஆகாது. "ஸ்கூல் ஹிஸ்டரி நியூ" என்று கேட்டால், "ஸ்கூல்" ஒரு ஃபைல், "ஹிஸ்டரி" இன்னொரு ஃபைல், "நியூ" மூன்றாவது ஃபைல் என்று எடுத்துக்கொள்ளும். டேப்பை முதலிலிருந்து கடைசிவரை தேடும். அந்த டேப் மெதுவாக முனகிக்கொண்டே ஓடி முடிக்கிறதற்குள் ஒருவர் போய்ச் சாப்பிட்டு வந்துவிடலாம். முடிந்ததும் மூன்று முறை 'நாட் ஃபவுண்ட்' என்று போடும். அப்புறம் சுற்றி விட்டு மறுபடியும் முதலிலிருந்து.

முழு டேப்பையும் அப்படியே இறக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். இறக்கலாம், இடம் இருந்தால். பழைய டிஸ்க்குக்குப் பதிலாக நான் இரவலாகக் கொண்டுபோனது பாதி அளவு டிஸ்க். டேப் முழுக்க ஸ்கேன் செய்த போட்டோக்கள். புது டிஸ்க் வாங்கச் சொன்னால், "மொதல்ல மலர எடுத்துக் காட்டு, அப்பறம் பாப்போம்" என்றார் வேலாயுதம்.

சரி என்று மெனுவைத் திறந்து, பெயரை முழுதாக ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும்படி மேற்கோள் குறிகளைப் போட்டேன். டேப் ஓடியது. பள்ளி வரலாறு வந்தது. பழைய மாணவர் படங்கள் வந்தன. நிஜக் கோழிக்கடையும் பொய்க் கோழிக்கடைகளும் வந்தன. லெட்சுமி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். எனக்கும் பசி எடுத்தது.

3. பெயர் இருக்கிறது, ஃபைல் இல்லை

வாழ்த்துரைகள் மட்டும் வரவில்லை.

மலரை வெளியிட வருகிற துணையமைச்சர், விழாவுக்குத் தலைமை தாங்குகிற, அரசுப் பட்டம் வாங்கிய டத்தோ, பள்ளி வாரியத் தலைவர், தலைமையாசிரியர் ஆகிய நான்கு பேரின் வாழ்த்துரை. மெனுவில் நான்கு பெயரும் அழகாகத் தெரிந்தன. தேர்ந்தெடுத்தால் டேப் கடைசிவரை ஓடிவிட்டு 'நாட் ஃபவுண்ட்' என்றது. மேற்கோள் குறியைச் சரிபார்த்தேன். மறுபடி ஓட்டினேன். நாட் ஃபவுண்ட். முந்தின நாள் டேப்பைப் போட்டேன், அதிலும் அதே கதை. கோழிக்கடை, பூக்கடை, தையல்கடை எல்லாம் கூப்பிட்டவுடன் ஓடிவந்தன, பெரிய மனிதர்கள் யாரும் வர மறுத்தார்கள்.

வேலாயுதம் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையை வாசித்தார். அச்சகம் நடத்துகிறவர் அல்லவா, அச்சில் இருப்பதை அப்படியே நம்புகிற பழக்கம். கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனையின் முடிவில் அவர் கண்டுபிடித்தது இது: லெட்சுமி வாழ்த்துரைகளை அடிக்கவே இல்லை. அடித்துவிட்டதாகக் காட்டுவதற்காகப் பெயரை மட்டும் போட்டு வைத்திருக்கிறார்.

"பேரு இருக்கு, உள்ள சரக்கு இல்ல. அதான மிஷினே சொல்லுது" என்றார்.

காலி ஃபைலாக இருந்தாலும் ஃபைல் ஃபைல்தான், காலியாக வந்திருக்கும் என்றேன். கேட்கவில்லை. லெட்சுமி, தான் அந்த வாரம்தான் உட்கார்ந்து நான்கையும் அடித்ததாகச் சொன்னார். அப்படியானால் பிரிண்ட் எங்கே என்று கேட்டார் முதலாளி. லேசர் பிரிண்டரில் டோனர் தீர்ந்து பத்து நாளாகிறது, வாங்கிக் கொடுங்கள் என்று தினமும் கேட்கிறேனே என்றார் லெட்சுமி. நியாயமான பதில். நியாயமான பதில் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. வேலாயுதத்தின் முகம் சிவந்துவிட்டது.

"சார், கெடைக்கலன்னுதான் அர்த்தம். இல்லன்னு அர்த்தம் இல்ல" என்றேன்.

"தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

போனை எடுத்தார். கிள்ளானில் மலர்க்குழுச் செயலாளரைக் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேர் முன்னாலேயே, டைப் அடிக்கிற பெண் வாழ்த்துரைகளை அடிக்காமலேயே அடித்ததாக ஏமாற்றிவிட்டாள், ஒரிஜினல்களைத் திங்கட்கிழமை மறுபடி கொடுத்து அனுப்புங்கள், வேறு ஆளை வைத்து முடித்துத் தருகிறேன் என்றார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் எந்தப் பெண் என்று கேட்டிருக்க வேண்டும். "நம்ம லெட்சுமிதான். ஒங்க ஸ்கூல்லதான் புள்ளைங்க படிக்கிது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மலர் எப்படியும் வந்துவிடும், நான்கு பக்கத்தை இன்னொரு முறை அடித்தால் போயிற்று. ஆனால் அந்தச் செயலாளர் வாயில் ஒரு செய்தி விழுந்தால் அது பள்ளி வாசல், கோயில் வாசல் எல்லாம் ஒரு சுற்று போய்விட்டு வரும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடப்போகும் தாய் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நடந்து போகவேண்டும்.

லெட்சுமி அழவில்லை. "நான் அடிச்சேன் சார்" என்று ஒருமுறை சொன்னார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி. லெட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

4. கட்டைவிரல்

எங்கள் மேனேஜர் என்னை மறுபடியும் அச்சகத்துக்குப் போக விட மாட்டேன் என்றார். டேப் படிக்கிறதா, படிக்கிறது. டிரைவ் ஓடுகிறதா, ஓடுகிறது. காண்டிராக்ட் ஹார்ட்வேருக்குத்தான், ஒரு டைப்பிஸ்ட் வேலை செய்தாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கு இல்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கிளினிக் காத்துக்கொண்டிருக்கிறது என்றார். எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த நான்கு பெயர்கள் திரையில் தெரிந்தனவே, அவை எங்கிருந்து வந்தன? டேப்பில் இல்லாத பெயரை மெனு கனவு கண்டா எழுதும்? கிளினிக்கை முடித்துவிட்டு, சனிக்கிழமை காலை சுங்கை வேயிலிருந்த என் வீட்டிலிருந்து நேராகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன்.

என் நல்ல நேரம், லெட்சுமியும் அன்று தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தார். ஏர்கான் குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர், ஒரு மக், மானிட்டர் மேல் ஒட்டிவைத்திருந்த முருகன் படம். வேலாயுதம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் ஒக்காருங்க. தொணையமைச்சர் வாழ்த்துரைய அன்னைக்கி எப்படி சேவ் பண்ணீங்களோ அதே மாதிரி ஒன்னு பண்ணிக் காட்டுங்க" என்றேன்.

விருப்பமில்லாமல் உட்கார்ந்தார். புது ஃபைல் திறந்தார். பெயர் கேட்கிற கட்டம் வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கீழே டக் டக் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பெயரின் முதல் எழுத்து வந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"தொணையமைச்சருக்கு அஞ்சு தட்டு அண்ணே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். இவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

மேக்கில் ஃபைல்கள் அகரவரிசையில் நிற்கும் அல்லவா? 'வாழ்த்துரை' என்று தொடங்குகிற பெயர்கள் அடியில் போய்விடும். மலர் வேலை ஆரம்பித்த புதிதில் குழுவினர் வந்து லெட்சுமிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்திருக்கிறார்கள். கோழிக்கடை விளம்பரம் மேலே இருந்தது, துணையமைச்சர் அதற்குக் கீழே இருந்தார், டத்தோவுக்கு மேலே பூக்கடை. வந்தவர்களில் ஒருவருக்கு முகம் மாறிவிட்டது. அவர்கள் போனதும் முதலாளி பிடித்துக்கொண்டார். பெரியவர்கள் பெயர் எங்கே இருந்தாலும் மேலேதான் இருக்க வேண்டும், கம்ப்யூட்டராக இருந்தாலும் சரி. பெயருக்கு முன்னால் இடைவெளி விட்டால் அந்த ஃபைல் மேலே ஏறும், கூடுதலாக விட்டால் இன்னும் மேலே ஏறும் என்பதை லெட்சுமி தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். தலைமையாசிரியருக்கு இரண்டு தட்டு, வாரியத் தலைவருக்கு மூன்று, டத்தோவுக்கு நான்கு, துணையமைச்சருக்கு ஐந்து. பதவிக்கு ஏற்ற இடைவெளி.

"அப்ப சாருக்கு?" என்றேன்.

"சாரோட லெட்டருக்கெல்லாம் ஆறு. இது அவரு எடம்னு சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அந்த மெனு டேப்பிலிருந்து பெயரை வாங்கும்போதே முன்னால் இருக்கிற இடைவெளிகளைச் சுத்தமாகத் துடைத்துவிடும். துடைத்த பெயரைத்தான் திரையில் காட்டும். துடைத்த பெயரைத்தான் டேப்பில் போய்த் தேடும். டேப்பில் இருப்பதோ ஐந்து இடைவெளியோடு கூடிய பெயர். இல்லை என்று டேப் சொன்னது சுத்தமான உண்மை, அது கேட்ட பெயரில் அங்கே யாரும் இல்லை. நடுவில் இருக்கும் இடைவெளியை நான் காப்பாற்றினேன், முன்னால் இருந்ததை நான் பார்ப்பதற்கு முன்பே மெனு தின்றுவிட்டது. சாதாரண ஆட்களுக்கு வராத இந்தக் கேடு, யாரை மரியாதையாக மேலே தூக்கி வைத்தார்களோ அவர்களுக்கு மட்டும் வந்தது.

மெனுவில் ஒரே ஒரு வரியை மாற்றினேன், எதையும் துடைக்காதே என்று. டேப்பைப் போட்டேன். லெட்சுமி ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டேப் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. முதலில் தலைமையாசிரியர் வந்தார். பிறகு வாரியத் தலைவர், டத்தோ. கடைசியாகத் துணையமைச்சர். லெட்சுமி திறந்தார். பக்கம் கட்டி, ஓரத்தில் பூவேலை போட்டு, படத்துக்கு இடம் விட்டு, முழுதாக இருந்தது.

அப்போதுதான் அவர் அழுதார்.

5. அதே ஆளுக்கு

கண்ணாடி அறையிலிருந்து வேலாயுதம் வெளியே வந்தார். நான்கு பக்கங்களையும் நின்று வாசித்தார். துணையமைச்சரின் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் காட்டினார். பிறகு, "மிஷின் கோளாறாத்தான் இருக்கும்னு நான் அப்பவே நெனச்சேன்லா" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தட்டுகளின் கதையைச் சொன்னேன். இப்படிப் பெயர் வைக்கச் சொன்னது நீங்கள்தான் என்றேன், உங்கள் கடிதங்களும் இதேபோல் டேப்பில் இருந்தும் இல்லாமல்தான் கிடந்தன என்றேன். முதல் பாதி அவர் காதில் ஏறவில்லை. இரண்டாவது பாதியில் கொஞ்சம் அசைந்தார்.

"சரி சரி. லெட்சுமி, திங்கக்கெழம வழக்கம்போல வந்துரு."

லெட்சுமி எழுந்து நின்றார். "கிள்ளானுக்குப் போன் போடுங்க சார்" என்றார்.

"அதான் கெடச்சிருச்சில்ல."

"நான் அடிச்சேன்னு சொல்லுங்க. அதே ஆளுக்கு."

அப்புறம் சொல்கிறேன் என்றார் அவர். இன்று சனிக்கிழமை, செயலாளர் வீட்டில் இருக்க மாட்டார் என்றார். லெட்சுமி நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. முன்பக்கத்தில் பத்திரிகை மாதிரிகள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்யாண வீட்டுக் குடும்பம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள் என்றதும் வேலாயுதம் போனை எடுத்தார். செயலாளர் வீட்டில்தான் இருந்தார். கம்ப்யூட்டரில் கொஞ்சம் சிக்கல், இன்ஜினியர் வந்திருக்கிறார், மலர் தயார் என்றெல்லாம் சுற்றிச் சுற்றிப் போனார். லெட்சுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "லெட்சுமி எல்லாத்தையும் அடிச்சி முடிச்சிருச்சி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று வேகமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

எடுத்துப்போக வந்த மக்கை லெட்சுமி மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

இதிலிருந்து நான் கற்றது என்ன என்று கேட்டால், பேக்கப் எடுத்தோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், திருப்பி எடுத்துப் பாருங்கள் என்பது ஒன்று. அதை எல்லாரும் சொல்வார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். இன்னொன்று, நான் பின்னால் மேனேஜர் ஆனபோது என் ஆட்களிடம் பிடிவாதமாகக் கேட்டது. ரிப்போர்ட்டில் 'ஃபைல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று எழுதச் சொல்வேன். கிறுக்கன் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும். இல்லை என்று மெஷின் சொன்னதை வைத்து ஒரு பெண்ணின் பெயரை ஊர் முழுக்க இழுத்ததை அவர்கள் பார்த்ததில்லை.

மலர் வெளியீடு நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். சில வாரங்கள் கழித்து, புது டிஸ்க் போட பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். வேலாயுதம் வாங்கிவிட்டார், ஆச்சரியம்தான். சாமி படத் தட்டையும் வேறு சுவருக்கு மாற்றியிருந்தார்கள். போட்டு முடித்து, டேப்பிலிருந்து சில ஃபைல்களைத் திருப்பி எடுத்துப் பார்க்கலாம் என்று லெட்சுமியின் மேக்கில் உட்கார்ந்தேன். பட்டியலின் உச்சியில் அடுத்த விழாவுக்கான யாரோ ஒரு டத்தோ நான்கு தட்டோடு நின்றார். அவருக்கும் மேலே ஆறு தட்டில் நிற்க வேண்டிய முதலாளியின் கடிதங்களைக் காணோம். கீழே கீழே போய்ப் பார்த்தேன். பூக்கடைக்கும் கோழிக்கடைக்கும் தையல்கடைக்கும் கீழே, பட்டியலின் அடியில், முன்னால் ஓர் இடைவெளிகூட இல்லாமல் கிடந்தார் வேலாயுதம்.

லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அங்க இருந்தாத்தான் அண்ணே சாரு பேக்கப்புல பத்தரமா இருப்பாரு."